இரண்டு வீட்டுப் பால்

பிப்ரவரி 9

என் தம்பி வீட்டு மகாராணிக்கு,

நாத்தனார் எழுதுவது. நான் நலம். நீயும், உன் கண்ணாடிக் கடையும், கடலில் மிதந்துகொண்டிருக்கும் என் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பூனை உண்டாகியிருக்கிறாள் என்று நீ எழுதியதை வார்டில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு ஒரு கத்து கத்தினேன் பார், பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தவளே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்ன சிஸ்டர், உங்களுக்கும் வலியா?" என்றாள். "ஆமாண்டி, நீ உன் வேலையப் பாரு" என்றேன்.

என் பூனைக்கு ஒரு குழந்தை! நீ பிரசவ ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தபோது, இந்தப் பக்கம் என் மகன் தடியன், அந்தப் பக்கம் உன் மகள் என்று ரெண்டையும் மடியில் போட்டுப் பால் கொடுத்தவள் நான். நீ தேறி நீயும் கொடுக்க ஆரம்பித்ததும், "ரெண்டு வீட்டுப் பால் குடிக்குதே, இது குழந்தையா பூனையா?" என்று உன் புருஷன் கேட்டான். அந்தப் பெயரே அவளுக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அவள் வயிற்றில் ஒன்று.

இங்கே சின்ன டாக்டர்கள்கூட என்னைப் 'பால் சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவளுக்குப் பால் வரவில்லையா, குழந்தை பிடிக்கத் தெரியாமல் அழுகிறதா, கூப்பிடு அந்தக் கிழவியை. என் கைபட்டு வராத பால் கிடையாது. திமிர் என்று நினைத்தால் நினைத்துக்கொள். செப்டம்பரில் லீவு போட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்துவிடுவேன். பூனையின் முதல் பால் என் பொறுப்பு. புட்டிப்பால் டப்பா எதையாவது வீட்டுக்குள் பார்த்தேன் என்றால் உன்னையும் சேர்த்து வெளியே வீசுவேன்.

எனக்கு ஒன்றுமில்லை. கழுத்தில் கோலிக்குண்டு மாதிரி ரெண்டு மூன்று கட்டி, தோலில் அரிப்பு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். ஓய்வு பெறும் வயதில் உடம்பும் துருப்பிடிக்கிறது.

போனில் நான் கத்துவது பக்கத்து வார்டுக்கெல்லாம் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. குறுஞ்செய்தி தட்டுவதற்கு என் விரல் ஒத்துவராது. அதனால் கடிதமே போடு, உடனே போடு.

அன்புடன்,
நாத்தனார்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் சுகம். உங்கள் உடம்பைப் பற்றித்தான் கவலை.

உறையின் மேலேயே 'மகாராணி' என்று எழுதிவிட்டீர்கள். தபால்காரர் கடைக்குள் வந்து "இங்க மகாராணி யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் வாயசைவைப் பார்த்து நான் புரிந்துகொள்வதற்குள் கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். என் மானம் போச்சு. முதலாளி ஏற்கெனவே, "காது கேக்காத அம்மா, கண்ணு தெரியாதவங்களுக்குக் கண்ணாடி மாட்டுறாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது.

பூனை நன்றாக இருக்கிறாள். ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறதாம். அதிர்ச்சி தரும் பேச்சு எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் வாயைத் திறந்தால் 'அத்தை சொன்னாங்க, அத்தை சொன்னாங்க' தான். முதல் பால் மருந்து மாதிரி, ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்று எனக்கே பாடம் நடத்துகிறாள்.

அந்த நாட்களை நான் மறப்பேனா அண்ணி? ஜுரத்துக்குப் போட்ட ஊசி என் காதைத் தின்றது. உயிர் மிஞ்சியதே பெரிது. நான் கண் விழித்தபோது என் குழந்தை கொழுகொழு என்று உங்கள் மடியில் கிடந்தது. அதோடு விட்டீர்களா? வற்றிப்போன எனக்கும் திட்டித் திட்டியே பால் வர வைத்தீர்கள். அதற்கப்புறம் பகலில் நீங்கள், இரவில் நான். என் மகளுக்கு நீங்கள் பாதி அம்மா. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

கழுத்துக் கட்டியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஊருக்கெல்லாம் வைத்தியம், உங்களுக்கு மட்டும் இல்லையா? நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காட்டிவிட்டேன் என்று எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 14

மகாராணிக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. காட்டிவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள், கட்டியில் ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எடுக்காமல் விட்டது என் மூக்குக் கண்ணாடி ஒன்றுதான்.

இப்போது ஒரு காரியம் செய். பூனைக்கு மாதாமாதம் ரத்தம் எடுப்பார்கள் இல்லையா? அடுத்த தடவை எச்.டி.எல்.வி என்று ஒரு சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல். அவளுடைய டாக்டருக்குத் தெரியவில்லை என்றால் பெரிய ரத்த வங்கியில் கேட்கச் சொல். நீயும் போகிற போக்கில் அதையே ஒன்று கொடுத்துவிடு, அவளுக்குத் துணையாக இருக்கும்.

ஏன் எதற்கு என்று துருவாதே. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தள்ளிப் போடாதே.

பூனைக்கு என் முத்தம். காலை நீட்டி உட்காரச் சொல்.

நாத்தனார்


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன்.

நீங்கள் எழுதியதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பரிசோதனைக்கூடத்து ஜன்னலில் நீட்டினேன். அங்கே இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், அவள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த சம்பந்தியம்மாவுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. வெளியே வந்ததும் என் முகத்துக்கு நேராக நின்று, நான் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: "எச்-ல ஆரம்பிக்கற சோதனை எதுக்குன்னு எங்களுக்கும் தெரியும். உங்க பொண்ணுக்கு எதுக்கு அது?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம் அண்ணி. எய்ட்ஸ் வேறு, இது வேறு என்று டாக்டர் வந்து விளக்கிய பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் "எதுக்கு இது?" என்று டாக்டரும் கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? எங்கள் நாத்தனார் எழுதினார், காரணம் எழுதவில்லை என்றா?

ரத்தம் கொடுக்காமலே வந்துவிட்டோம். என் மகளை என்னவென்று நினைத்தீர்கள்? என்னையும் கொடுக்கச் சொன்னீர்கள், நான் என்ன தப்பு செய்தேன்? இத்தனை வருஷத்தில் உங்களை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது கேட்கிறேன். காரணத்தைச் சொல்லுங்கள். சொல்லாமல் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க மாட்டோம்.

தம்பி மனைவி


மே 6

என் கண்ணே,

நீ கேட்டது நியாயம். உன்னை அந்த ஜன்னலில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முதலில் உட்கார்ந்துகொள், கடையில் நின்றுகொண்டு படிக்காதே.

எனக்கு ரத்தப் புற்றுநோய்.

டாக்டரம்மா என் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் காட்டினார். வெள்ளை அணுவின் நடுவே உருண்டையாக இருக்க வேண்டியது, இதழ் விரித்த பூ மாதிரி இருந்தது. "அழகா இருக்கே டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் என்ன நினைத்தேன்? புற்றுநோய் என்றால் ஏதோ விதி, வயது, தொற்றாத சமாச்சாரம் என்றுதானே நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம்? "இது ஒரு வைரஸால வந்தது சிஸ்டர். எச்.டி.எல்.வின்னு பேரு. உங்க ரத்தத்துல அம்பது வருஷத்துக்கு மேல சும்மா தூங்கிட்டிருந்திருக்கு. இப்ப எழுந்து அணுவையே மாத்திடுச்சு" என்றார். வைரஸ் என்றால் சளி, காய்ச்சல், ஒரு வாரம் படுத்து எழுந்தால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு நர்ஸ்! எனக்கே தெரியவில்லை.

எப்படிப் பரவும் என்று கேட்டேன். தொட்டால் வராது, இருமினால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ரத்தம் ஏற்றினால் வரலாம் என்றார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்ட நிமிஷத்தில் என் காதும் உன் காது மாதிரி அடைத்துப்போயிற்று.

தாய்ப்பால்.

நம்புவாயா? வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "திரும்பச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். எந்தப் பெண்ணுக்கு இந்த வைரஸ் இருக்கிறதோ அவள் மாதக்கணக்கில் பால் கொடுத்தால், ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்குப் போய்விடுமாம். போன குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு, அதுவும் வயதான காலத்தில், இந்த நோய் வரலாம். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள்.

புரிகிறதா? தடியனுக்கும் பூனைக்கும் நான் கொடுத்தது. என் பால். தடியனுக்குச் சோதித்துவிட்டார்கள், அவனுக்கு இல்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. பூனைக்கு இருந்தால் என் பாலில் இருந்துதான். அவளுக்கு இருந்தால் அவள் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் அநேகமாகக் குழந்தைக்குப் போகாது. அதனால்தான் பிரசவத்துக்கு முன்னால் தெரிய வேண்டும் என்று துடிக்கிறேன். உனக்கு எதற்கு என்று கேட்டாய். அம்மாவும் கூடக் கொடுத்தால் அவள் பயப்பட மாட்டாள், அதற்காகத்தான்.

எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதே. அது பழைய கதை, இப்போது ஆராய்ந்து என்ன ஆகப் போகிறது?

அவளிடம் நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா? அழுத்தம் ஏறாமல் சொல்ல வேண்டும்.

நாத்தனார்


ஜூன் 3

மகாராணிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறேன். ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நான் நோயாளி. என்னிடம் பயிற்சி எடுத்த பெண்கள் எனக்கு ஊசி போட வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நரம்பை மட்டும் பார்க்கிறார்கள்.

உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. திட்டியாவது எழுது. பூனைக்கு ரத்தம் எடுத்தாயா? இந்த மாதம் முடிவதற்குள் பதில் வரவில்லை என்றால் நானே அவளுக்குப் போன் போடுவேன்.

நாத்தனார்


ஜூன் 15

அண்ணிக்கு,

உங்கள் உடம்பு தேற வேண்டும். அதை மனதாரத்தான் எழுதுகிறேன். இனி எழுதப் போவதையும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

எடுத்தோம். ஒருமுறைக்கு இரண்டுமுறை சோதித்தார்கள். பூனைக்கு இருக்கிறது.

உங்கள் பையனுக்கு இல்லை. பெற்ற பிள்ளைக்கு இல்லை, என் பிள்ளைக்கு இருக்கிறது. இது என்ன கணக்கு? யாரிடம் போய்க் கேட்பேன்? நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன். ஆனாலும் வயிறு எரிகிறது. நான் ஜுரத்தில் கிடந்தபோது யாராவது அவளுக்கு டப்பாப் பால் கரைத்து ஊற்றியிருக்கக் கூடாதா? நீங்கள் ஏன் கொடுத்தீர்கள்? யார் கேட்டார்கள்? அந்தக் கையும் மடியும் என் குழந்தையைத் தொடாமலே இருந்திருக்கலாம். எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை, படியுங்கள்.

உங்களுக்கு அது போதவில்லை என்றால் இதையும் கேளுங்கள். டாக்டர் பூனையை உட்கார வைத்துப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, "நான் பால் குடுக்கத்தான் போறேம்மா" என்றாள். "அஞ்சுல ஒண்ணுக்குத்தான வரும்? அத்தை எனக்குக் குடுத்தாங்க, நான் நல்லாத்தான இருக்கேன்? முதல் பாலை மறுக்கறது பாவம்னு அத்தையே சொல்லியிருக்காங்க." நான் அழுதேன், காலில் விழாத குறை. நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

இது நீங்கள் ஏற்றிவிட்டது. நீங்களே இறக்குங்கள். அவள் உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். அதை முடித்துவிட்டு எனக்கு எழுதுவதை நிறுத்திவிடுங்கள்.

தம்பி மனைவி


ஜூன் 22

என் தங்கப் பூனைக்கு,

அத்தையின் ஆசி. எப்படி இருக்கிறாய்? கால் வீங்குகிறதா? உப்பைக் குறை.

நான் உனக்கு வைரஸைக் கொடுத்தேன், பிறகு தப்பான பாடத்தையும் கொடுத்தேன். முதலாவதை என்னால் திரும்ப வாங்க முடியாது. இரண்டாவதை இப்போது வாங்கிக்கொள்கிறேன். தாய்ப்பாலைவிட உயர்ந்தது எதுவும் இல்லை என்று ஆயிரக்கணக்கான பெண்களிடம் சொன்னேன், அவர்களுக்கு அது உண்மை. உனக்கு உண்மை இல்லை. என் வாயாலேயே சொல்கிறேன், கொடுக்காதே.

'நான் நல்லாத்தான இருக்கேன்' என்றாயாம். நானும் போன வருஷம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன்டி. வார்டில் என்னோடு நடந்து யாரும் ஈடு கொடுக்க முடியாது. இப்போது குளியலறைக்குப் போக ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. உனக்கு இது வராது, வரவே வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம், நிம்மதியாக இரு. வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் காட்டினால் போதும். ஆனால் பிறக்கப் போகிறதே, அதற்கு இந்தச் சந்தேகமே எதற்கு? ஐந்தில் ஒன்று என்பது சின்னக் கணக்கு என்று நினைக்கிறாய். உன் குழந்தை ஐந்தில் ஒன்றாகப் பிறக்காது, ஒன்றே ஒன்றாகத்தான் பிறக்கும்.

இதுவரை பால் வரவழைக்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல்முறையாக நிறுத்தச் சொல்லித் தருகிறேன், கேட்டுக்கொள். பிறந்தவுடனேயே டாக்டரிடம் மாத்திரை கேள், உன் ரத்த அழுத்தத்துக்கு ஆகுமா என்று அவரே பார்த்துச் சொல்வார். இரண்டு மூன்று நாளில் மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்ளும். பிழிந்து எடுக்கப் பார்க்காதே, எடுத்தால் இன்னும் ஊறும். நன்றாகத் தாங்கும் உள்ளாடை போட்டுக்கொள். குளிர்ந்த துணி வை. குழந்தை அழும் சத்தத்திலேயே சுரக்கும், ரவிக்கை நனையும். நனையட்டும், நீ குழந்தைக்குத் துரோகம் செய்வதாக அப்போது தோன்றும். அது பொய். அழு, ஆனால் கொடுக்காதே. குழந்தையை வெறும் மார்பில் படுக்க வைத்துக்கொள், உன் சூடு அதற்கு வேண்டும். அது பாலைத் தேடி வாயைத் திறக்கும்போது மட்டும் உன் அம்மாவிடம் கொடுத்துவிடு.

உன் அம்மா சொல்வதைக் கேள். நான் பக்கத்தில் இருக்க முடியாது.

அத்தை


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்? எழுதுவதை நிறுத்துங்கள் என்று சொன்னவளே எழுதுகிறேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பூனை உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். 'குடுக்க மாட்டேன்' என்று சொல்லவில்லை. 'பாக்கலாம்' என்கிறாள். அந்த வார்த்தைக்கே எனக்கு ரெண்டு நாள் உயிர் வந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டர் என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கும் பார்த்துடலாம்" என்றார். மகளுக்குத் துணை என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, சரி என்று கையை நீட்டினேன்.

எனக்கும் இருக்கிறது, அண்ணி.

டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். ரத்தம் ஏற்றியிருக்கிறதா? இல்லை. என் அம்மாவுக்கு? சோதித்தார்கள், இல்லை. அப்படியானால் கணவரிடமிருந்து வந்திருக்கும், தாம்பத்தியத்திலும் இது பரவும் என்று எழுதினார். வருஷத்தில் பாதி நாள் கப்பலில் இருக்கிற மனுஷன். நேராக வீட்டுக்கு வந்து கப்பலுக்குப் போன் போட்டேன். அவர் பேசுவது எனக்குக் கேட்க வேண்டாம், நான் பேசுவது அவருக்குக் கேட்டால் போதும். "எந்தத் துறைமுகத்துல எவகிட்டய்யா போனே?" என்று கத்தினேன். இன்ஜின் அறைச் சத்தத்தில் கேட்காது என்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தாராம். கப்பல் முழுக்கக் கேட்டிருக்கிறது. அவர், "சத்தியமா இல்லடி" என்று மாப்பிள்ளை போனுக்கு இருபது தடவை செய்தி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் டாக்டரிடம் போய் அழுதேன். அவர் பொறுமையாக ஒரு படம் போட்டார். மேலே ஒரு வட்டம், என் மாமியார். கீழே ரெண்டு வட்டம், நீங்களும் உங்கள் தம்பியும். "ரெண்டு பேரும் ஒரே அம்மாகிட்ட பால் குடிச்சவங்கதான?" என்று எழுதினார். அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து உங்களுக்கும் அவருக்கும். அவரிடமிருந்து எனக்கு, கல்யாணம் ஆன புதிதிலேயே.

நானும் அவளுக்குப் பால் கொடுத்தேனே அண்ணி. ஒரு வருஷம் கொடுத்தேனே.

எந்தப் பாலில் வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். இரண்டும் ஒரே வைரஸ், யாராலும் சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். என் பால், என் பால் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறீர்கள். உன் பாலாகவும் இருக்கலாம் என்று ஓரிடத்தில்கூட இல்லை. நீங்கள் நர்ஸ். தம்பிக்கும் இருக்கலாம், அவன் பெண்டாட்டிக்கும் இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியாதா? முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் என்னையும் ரத்தம் கொடுக்கச் சொன்னீர்கள். நான் உங்கள் கையையும் மடியையும் சபித்து எழுதினேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை? ஏன் என்னைத் திட்ட விட்டீர்கள்? பதில் வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 11

மகாராணிக்கு,

தடியன் கையால் எழுதுகிறேன். விரல் நடுங்குகிறது, இவன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ உன்னையே தின்றுவிடுவாய். என்னைத் தின்றால் பரவாயில்லை, என்னை ஏற்கெனவே ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. அது ஒன்று. இன்னொன்று, நீ முதலில் என் தம்பியைத்தான் சந்தேகப்படுவாய் என்று தெரியும். அதேபோலத்தான் செய்திருக்கிறாய். கப்பலுக்கே கேட்கிற மாதிரியா கத்துவது? அவனிடம் மன்னிப்புக் கேள்.

நர்ஸாகப் பார்த்தால் நான் செய்தது தப்பு, உன்னிடம் உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நீயும் இனி வருஷாவருஷம் ரத்தம் காட்டு. இது கட்டளை.

படுத்துக்கொண்டு என் அம்மாவைத்தான் நினைக்கிறேன். அவளுக்கு அவள் அம்மா கொடுத்திருப்பாள். அவளுக்கு அவள் அம்மா. எல்லோரும் ஆசை ஆசையாகத்தான் கொடுத்தார்கள், ஒருத்திக்கும் தெரியாது. எனக்கு அதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை. நோயைக்கூட ஒத்துக்கொண்டுவிட்டேன், இதை முடியவில்லை.

மருந்து சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டரம்மா வேறு மருந்துக்கு மாற்றியிருக்கிறார். பேசினால் மூச்சு வாங்குகிறது. பூனை 'பார்க்கலாம்' என்றாளா? அதை நம்பாதே. குழந்தை முகத்தைப் பார்த்ததும் 'பார்க்கலாம்' எல்லாம் பறந்துவிடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! நீ பக்கத்திலேயே இரு. நகராதே.

நாத்தனார்


செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அழுத்தம் இறங்கிவிட்டது. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்கள் எழுந்து உட்கார்ந்து படிக்கிற நிலையில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி நகராமல் இருந்தேன். பிறந்த அன்று மதியம் நர்ஸ் பாட்டிலில் பால் கரைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். நான் கை கழுவிவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான், கை கழுவும் நேரம். பூனை ரவிக்கையைத் தளர்த்திக் குழந்தையை அணைத்துவிட்டாள். குழந்தை வாயைத் திறந்து தலையை ஆட்டித் தேடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு விரல் தூரம்.

பிடுங்கினேன், அண்ணி. பால் குடிக்கப் போன குழந்தையைத் தாயின் மார்பிலிருந்து பிடுங்கினேன். ஒரு சொட்டும் வாயில் படவில்லை, பார்த்துவிட்டேன். பூனை கத்தினாள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்த வாயைப் பார்த்தேன். "குடும்மா, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குடும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என் கையைக் கீறினாள். நான் குழந்தையோடு சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. இப்படி ஒரு காரியத்தை உலகத்தில் எந்த அம்மாவாவது மகளுக்குச் செய்திருப்பாளா?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவள் அழுது ஓய்ந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீயும் அத்தையும் குடுத்தப்போ எனக்குப் பசிச்சிருந்தது. அதான குடுத்தீங்க?" என்றாள். நான் தலையாட்டினேன். "இவளுக்கும் பசிக்குதும்மா" என்று கையை நீட்டினாள். கொடுக்கப் பயந்தேன். "பாட்டிலைக் கேட்டேன்" என்றாள்.

அவளே கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு பேரையும் பிடித்துக்கொண்டேன். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது. ஒன்றரை வருஷம் கழித்து அதன் ரத்தத்தைப் பார்ப்பார்களாம், இருக்காது என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

நீங்கள் எழுத வேண்டாம், யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், போதும்.

உங்கள் தம்பி மனைவி


அக்டோபர் 1

மாமிக்கு,

வணக்கம். தடியன் எழுதுகிறேன். நான் இங்கே நலம்.

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா ரெண்டு நாளாகக் கண் திறக்கவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. இனி வீட்டு மனிதர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கேட்கிறதோ இல்லையோ, படிப்போம் என்று காதருகில் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் குழந்தையைப் பிடுங்கிய இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, நிறுத்தினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடைசி வரை படித்தேன்.

கண்ணைத் திறக்காமலே ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன். "ஏப்பம் விட வச்சாங்களான்னு கேளு" என்றாள். "குடிச்சுட்டுத் தூங்கிடுச்சுன்னு எழுதியிருக்கா. தோள்ல போட்டுத் தட்டாம படுக்க வச்சாளா? அவளுக்கு ஒண்ணும் தெரியாது, கேளு."

நான் எழுதி அனுப்பும் முன்பே, நேற்றிலிருந்து கதவு திறக்கும்போதெல்லாம் "பதில் வந்துச்சா?" என்கிறாள். அதைத் தவிர வேறு பேச்சில்லை. கடிதம் போட வேண்டாம் மாமி. பூனையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அடுத்த வண்டியிலேயே புறப்பட்டு வந்து, நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தடியன்